ஒளியில் பிறந்த நஞ்சு

1812ஆம் ஆண்டு ஜான் டேவி என்னும் இளைஞர் கார்பன் மோனாக்சைடையும் குளோரினையும் சம அளவில் ஒரு கண்ணாடிக் கலத்தில் அடைத்து வெயிலில் வைத்தார். குளோரினின் மஞ்சள் கலந்த பச்சை நிறம் சிறிது நேரத்தில் மறைந்தது. வாயுவின் கனஅளவும் பாதியாகச் சுருங்கியது. ஒளியால் உண்டானது என்னும் பொருள்பட கிரேக்கச் சொற்களிலிருந்து அதற்குப் பாஸ்ஜீன் என்று பெயரிட்டார்.

இவர், குளோரினுக்குப் பெயர் சூட்டிய ஹம்ப்ரி டேவியின் தம்பி. பின்னாளில் இராணுவ மருத்துவராக இலங்கைக்கு வந்து, அத்தீவின் உட்பகுதிகளைப் பற்றி 1821இல் நூல் வெளியிட்ட டேவியும் இவரேதான். வரலாற்று நூல்களின் வழியே மட்டும் அவரை அறிந்திருந்த நமக்கு இச்செய்தி சற்று வியப்பாகவே இருந்தது.

பாஸ்ஜீனுக்கு நிறமில்லை. ஏறத்தாழ 8 பாகை செல்சியசில் கொதிப்பதால் எளிதில் திரவமாக்கி உருளைகளில் அடைத்துவிடலாம். காற்றைவிட மூன்றரை மடங்கு கனமானது. ஆகவே பள்ளத்தை நாடித் தவழும். அகழிகளுக்குள் போர் நடந்த காலத்தில் இதைவிடப் பொருத்தமான குணம் வேறென்ன வேண்டும்? 1915 டிசம்பர் 19 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் நகரருகே ஜெர்மானியப் படை இதைக் குளோரினுடன் கலந்து பிரித்தானியர் மீது ஏவியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். 120 பேர் மாண்டனர்.

குளோரின் ஒருவகையில் நேர்மையான எதிரி. பச்சைப் புகையாய்க் கண்ணுக்குத் தெரியும். உடனே இருமச் செய்யும். வீரன் ஓடித் தப்பலாம். பாஸ்ஜீனோ நீரில் எளிதில் கரையாதது. அதனால் கண்ணையும் தொண்டையையும் பெரிதாக உறுத்தாமல் நுரையீரலின் ஆழத்துக்கே சென்றுவிடும். அதை அடையாளம் காட்டும் வாசனை, அறுத்த புல்லின் வாசனை அல்லது மக்கிய வைக்கோலின் வாசனை. போர்முனை வயல்வெளியில் அதை யார் ஐயுறுவார்? அன்றியும், மூக்கு உணரும் அளவு பெரும்பாலும் தீங்கு தரும் அளவைத் தாண்டியதே. சுவாசித்தவன் சில மணிநேரம், சிலவேளை ஒரு நாளுக்கும் மேலாக நலமாகவே இருப்பான். பிறகு நுரையீரலில் நீர் கோக்கும். நடந்தாலே நிலைமை மோசமாகும் என்பதால், நலமாகத் தோன்றியவரையும் தூக்குக்கட்டிலில் கொண்டுசெல்ல மருத்துவர்கள் கற்றுக்கொண்டனர். முதல் உலகப்போரில் நச்சு வாயுவால் இறந்தோரில் 85 விழுக்காட்டினர் பாஸ்ஜீனாலும் அதன் நெருங்கிய உறவான டைபாஸ்ஜீனாலும் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது.

போர் முடிந்த பின்னும் பாஸ்ஜீன் ஓய்வு பெறவில்லை. பிளாஸ்டிக்குக்கும் பூச்சிக்கொல்லிக்கும் மூலப்பொருளாயிற்று. ஆய்வகக் குளோரோஃபார்ம்கூடக் காற்றும் வெளிச்சமும் பட்டால் மெல்லப் பாஸ்ஜீனாகும். அதனால்தான் அதைப் பழுப்புநிறப் புட்டியில், சிறிது ஆல்கஹால் சேர்த்து வைக்கிறார்கள்.

போபாலில் யூனியன் கார்பைடு ஆலை, மெதில் ஐசோசயனேட்டைத் தயாரிக்கப் பாஸ்ஜீனைப் பயன்படுத்தியது. 1981 டிசம்பரில் அங்கு பாஸ்ஜீன் தாக்கி ஒரு தொழிலாளி சில நாட்களில் உயிரிழந்தார். அவருடைய நண்பரான பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி ஆலையின் உள்விவகாரங்களை விசாரித்து, நகரம் அழிவை எதிர்நோக்கியிருப்பதாக 1982இல் எழுதினார். எவரும் செவிசாய்க்கவில்லை. அந்த ஆலையில் மெதில் ஐசோசயனேட் கசிவைத் தொழிலாளர்கள் பெரும்பாலும் கண்ணெரிச்சலைக் கொண்டே அறிந்துவந்தார்கள். 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவும் அவர்களுக்கு முதலில் எரிந்தது கண்கள்தாம்.