கீரையும் மாத்திரையும்: புற்றுநோய்த் தடுப்பில் உணவுச் சான்றுகளின் வலிமை

புற்றுநோய் மரணங்களில் உணவின் பங்கு எவ்வளவு என்ற கேள்விக்கு அதிகம் எடுத்தாளப்படும் விடை 1981ஆம் ஆண்டுக்குரியது. ரிச்சர்ட் டால், ரிச்சர்ட் பீட்டோ என்னும் இரு பிரித்தானிய நோய்ப்பரவலியல் அறிஞர்கள், அமெரிக்கப் புற்றுநோய் மரணங்களில் சுமார் 35 விழுக்காட்டுக்கு உணவுமுறை காரணமாகலாம் என்று மதிப்பிட்டனர். அந்த எண்ணுடன் ஓர் எச்சரிக்கையும் தந்தனர்: உண்மை அளவு 10 முதல் 70 விழுக்காடு வரை எங்கும் இருக்கலாம். 35 என்பது உலகெங்கும் பரவியது. எச்சரிக்கை வழியிலேயே உதிர்ந்துபோயிற்று. பிரிட்டனில் 2015இல் கண்டறியப்பட்ட புற்றுநோய்களை வைத்துச் செய்து 2018இல் வெளியிட்ட கணக்கு இன்னும் அடக்கமானது. அதன்படி மிகை உடல் எடைக்கு 6.3, மதுவுக்கு 3.3, நார்ச்சத்துக் குறைவுக்கு 3.3, பதப்படுத்திய இறைச்சிக்கு 1.5 விழுக்காடு; புகைப்பழக்கத்துக்கு மட்டும் 15.1.

இந்த இரு கணக்குகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், உணவால் புற்றுநோயைத் தடுப்பது குறித்த அறிவு பெரிதும் திருத்தப்பட்டது. ஆனால் பொதுவெளியில் நிலவும் பேச்சு அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. சான்று மிக நலிந்த இடத்தில், அதாவது தனிச் சத்துகள், மாத்திரைகள், ‘அற்புத உணவுகள்’ ஆகியவற்றில், விளம்பரம் மிக உரக்க ஒலிக்கிறது. சான்று மிக வலுவான இடத்தில், அதாவது மது, பாக்கு, பூஞ்சணம் பிடித்த தானியம் ஆகியவற்றில், விற்பதற்கு எதுவும் இல்லாததால் குரல் தாழ்ந்திருக்கிறது. இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தனிச் சத்து மீதான நம்பிக்கை உருவானதும் உடைந்ததும் பீட்டா கரோட்டின் வரலாற்றில் தெளிவாகப் பதிந்துள்ளன. காரட், முருங்கைக்கீரை, பரங்கிக்காய், மாம்பழம் முதலியவற்றில் உள்ள இந்த நிறமியை உடல் வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்கிறது. உணவில் வைட்டமின் ஏ குறைந்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மிகுதியாக இருப்பதை நார்வே ஆண்களிடையே நடந்த ஆய்வு ஒன்று 1975இல் காட்டியது. வேறு நாடுகளிலும் காய்கறி அதிகம் உண்போரிடம் புற்றுநோய் குறைவாகவே காணப்பட்டது. 1981இல் பீட்டோவும் டாலும் வேறு இருவரும் ‘நேச்சர்’ இதழில், உணவிலுள்ள பீட்டா கரோட்டின் மனிதரிடையே புற்றுநோயைக் கணிசமாகக் குறைக்குமா என்ற கேள்வியை முறையாக எழுப்பினர். அவர்கள் அதை முடிவாகச் சொல்லவில்லை, சோதிக்கப்பட வேண்டிய கருதுகோளாகவே வைத்தனர். அது அறிவியலின் நேர்மை.

சோதனை பின்லாந்தில் நடந்தது. புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர், 50 முதல் 69 வயதுக்குட்பட்டோர், குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். சிலருக்கு நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், சிலருக்கு வைட்டமின் ஈ, சிலருக்கு இரண்டும், எஞ்சியோருக்கு வெற்று மாத்திரை. ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் கடந்து 1994இல் முடிவு வெளியானபோது மருத்துவ உலகம் திகைத்தது. பீட்டா கரோட்டின் உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது. ஒட்டுமொத்த இறப்பும் 8 விழுக்காடு உயர்ந்திருந்தது. இது தற்செயல் என்று கருத இடம் தராமல் அமெரிக்காவில் ‘காரட்’ எனச் சுருக்கப் பெயரிடப்பட்ட இரண்டாவது சோதனையும் அதே திசையில் சென்றது. புகைபிடிப்போரும் கல்நார்த் தொழிலாளர்களுமாக 18,314 பேர் அதில் பங்கேற்றனர். 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏ-யும் சேர்த்துப் பெற்றோரிடம் நுரையீரல் புற்றுநோய் 28 விழுக்காடு மிகுந்தது. திட்டமிட்ட காலத்துக்கு 21 மாதங்கள் முன்னதாக, 1996இல் மாத்திரை நிறுத்தப்பட்டது. பெரும்பாலும் புகைபிடிக்காத 22,071 அமெரிக்க ஆண் மருத்துவர்களிடம் பன்னிரண்டு ஆண்டுகள் நடந்த மற்றொரு சோதனையில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை.

பின்லாந்துச் சோதனையில் புதைந்திருக்கும் ஒரு செய்தி இன்னும் கூர்ந்து கவனிக்கத்தக்கது. ஆய்வு தொடங்கும் முன்பே எல்லோரின் இரத்தத்திலும் பீட்டா கரோட்டின் அளவு குறித்துவைக்கப்பட்டிருந்தது. வழக்கமான உணவின் மூலம் அந்த அளவு உயர்ந்திருந்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாகவே வந்தது. ஒரே நாடு, ஒரே மக்கள், ஒரே சத்து: உணவு வழியே வந்தபோது பாதுகாப்பின் அறிகுறி, மாத்திரை வழியே வந்தபோது தீங்கு. இதற்கு இரு விளக்கங்கள் உண்டு. முதலாவது, இரத்தத்திலுள்ள பீட்டா கரோட்டின் நோயைத் தடுத்த காரணி அன்று, காய்கறி நிறைந்த உணவின் அடையாளம் மட்டுமே. அத்தகைய உணவை உண்போர் பெரும்பாலும் குறைவாகப் புகைப்பவர்கள், எடை குறைந்தவர்கள், வசதி மிக்கவர்கள். இரண்டாவது உயிர்வேதியியல் சார்ந்தது. ஃபெரெட் என்னும் கீரி போன்ற விலங்குக்கு மிகுந்த அளவில் பீட்டா கரோட்டின் கொடுத்து, சிகரெட் புகைக்கும் உட்படுத்திய ஆய்வில், நுரையீரலில் அச்சத்து ஆக்சிஜனேற்றம் அடைந்து சிதைந்தது; திசுவில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் தோன்றின. காய்கறியிலிருந்து கிடைப்பதைக் காட்டிலும் பன்மடங்கான அளவு, புகையால் புண்பட்ட நுரையீரலில் நேர்மாறாகச் செயல்பட்டிருக்கிறது.

இதே பாடம் மீண்டும் மீண்டும் கிடைத்தது. செலினியமும் வைட்டமின் ஈ-யும் புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்குமா என்று 35,533 ஆண்களிடம் நடந்த சோதனையின் நீடித்த கண்காணிப்பு, வைட்டமின் ஈ பெற்றோரிடம் அந்நோய் 17 விழுக்காடு கூடியதை 2011இல் காட்டியது. சீனாவின் லின்ஷியன் வட்டாரம் ஒரு விலக்கு. அங்கு பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, செலினியம் மூன்றும் சேர்ந்த மாத்திரை இரைப்பைப் புற்றுநோய் மரணத்தைக் குறைத்தது. ஆனால் அவ்வட்டார மக்கள் நெடுங்காலமாகச் சத்துக் குறைபாட்டில் வாழ்ந்தவர்கள். குறையை நிரப்புவது பயன் தருகிறது. நிறைந்திருக்கும் உடலில் மேலும் கொட்டுவது பயன் தருவதில்லை.

தமிழ் வாசகருக்கு மஞ்சளைப் பற்றி ஒரு சொல் தேவை. குர்குமின் என்னும் அதன் நிறமி ஆய்வகக் கலங்களில் புற்றணுக்களை அடக்கியதை எண்ணற்ற கட்டுரைகள் பதிவு செய்துள்ளன. ஆனால் மஞ்சள்தூளில் குர்குமின் எடையில் சில விழுக்காடே. அதுவும் குடலில் மிகக் குறைவாக உறிஞ்சப்பட்டு, விரைவில் சிதைந்து வெளியேறுகிறது. ஆய்வகக் கலத்தில் கிடைத்த செறிவு, ரசமோ குழம்போ உண்ணும் உடலில் எட்டாதது. சமையலில் மஞ்சள் தொடரட்டும். அதைப் புற்றுநோய்க் காப்பாகச் சொல்வதற்குச் சான்று இல்லை.

தனிச் சத்து தோற்ற இடத்தில் முழு உணவு எந்த அளவுக்கு நிற்கிறது என்பதற்கு நார்ச்சத்து நல்ல எடுத்துக்காட்டு. உகாண்டாவில் பணியாற்றிய அயர்லாந்து அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட், கிராமப்புற ஆப்பிரிக்கரிடம் பெருங்குடல் புற்றுநோய் அரிதாக இருப்பதற்கு அவர்களின் நார் மிகுந்த உணவே காரணம் என்று 1970களில் வாதிட்டார். கண்காணிப்பு ஆய்வுகள் அவர் பக்கமே சாய்ந்தன: பத்து ஐரோப்பிய நாடுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய ஆய்வு, நார் குறைவாக உண்ணும் மக்கள் அதை இரட்டிப்பாக்கினால் இந்நோய் 40 விழுக்காடு வரை குறையலாம் என்று 2003இல் கணித்தது. அதற்கு முன்பே, 2000இல், உணவை மாற்றி நான்கு ஆண்டுகள் நடத்திய அமெரிக்கச் சோதனையில் குடல் கழலைகள் மீண்டும் தோன்றுவது குறையவில்லை. பல பத்தாண்டுகளில் உருவாகும் நோயை நான்கு ஆண்டுச் சோதனையால் முழுதும் அளக்க முடியாது என்பதால் இந்த முரண் கேள்வியை முடித்துவிடவில்லை. 2015இல் வெளியான சிறிய சோதனை ஒன்று உள்ளே நிகழ்வதைக் காட்டியது. கறுப்பின அமெரிக்கர் இருபது பேரும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தினர் இருபது பேரும் இரண்டு வாரம் உணவை மாற்றிக்கொண்டனர். நார் மிகுந்த உணவுக்கு மாறிய அமெரிக்கர்களின் குடல் நுண்ணுயிர்கள் பியூட்டிரேட் என்னும் காப்புப் பொருளை அதிகம் ஆக்கின. குடல் உட்சுவரின் அழற்சி தணிந்தது. மேற்கத்திய உணவுக்கு மாறிய கிராமத்தினரிடம் எல்லாம் எதிர்த்திசையில் சென்றன.

இங்கு வேலை செய்வது பிரித்தெடுத்த நார் அன்று. பயறும் சிறுதானியமும் கீரையும் சேர்ந்த ஓர் உணவுமுறை. உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம் நாள் ஒன்றுக்குக் குறைந்தது 30 கிராம் நார் பரிந்துரைக்கிறது. நூறு கிராம் உலர்ந்த பச்சைப்பயறில் சுமார் 16 கிராம் இருக்கிறது. தீட்டிய அரிசியைத் தட்டு முழுதும் நிரப்பிக் காயை ஓரத்தில் வைக்கும் வழக்கத்தில் அந்த 30 கிராமை எட்டுவது கடினம். கேழ்வரகுக் களியும் கீரை மசியலும் சுண்டலும் அதை எளிதாக்கும். அத்தகைய உணவு எடையையும் கட்டுக்குள் வைக்கிறது. உடற்கொழுப்பு மிகுதியைப் பதின்மூன்று வகைப் புற்றுநோய்களோடு பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் தொடர்புபடுத்தியது. மாதவிடாய் நின்ற பின் கொழுப்புத் திசு ஆக்கும் ஈஸ்ட்ரோஜன் மார்பகத்தையும் கருப்பை உட்படலத்தையும் தூண்டுகிறது. உயர்ந்த இன்சுலின் அணுப் பெருக்கத்தை ஊக்குவிக்கிறது.

அதே முகமை 2015 அக்டோபரில் பதப்படுத்திய இறைச்சியை முதல் தொகுதியில், புகையிலை இடம்பெற்ற தொகுதியில், வைத்தபோது பெருங்குழப்பம் எழுந்தது. தொகுதி என்பது சான்றின் உறுதியைக் குறிப்பது, ஆபத்தின் அளவைக் குறிப்பதன்று. நாள்தோறும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்பது பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் வாய்ப்பை 18 விழுக்காடு கூட்டுகிறது. நூறு பேரில் ஐவருக்கு வரக்கூடிய சமூகத்தில் அது ஆறாகும். முகமை மேற்கோள் காட்டிய கணக்கின்படி உலகில் ஆண்டுக்குச் சுமார் 34,000 புற்றுநோய் மரணங்கள் இதனால். மதுவால் ஆறு லட்சம். புகையிலையால் பத்து லட்சம். தொத்திறைச்சி அபூர்வமாக உண்ணப்படும் தமிழகக் கிராமத்தில் இதைப் பற்றிப் பேசும் நேரம் மதுவைப் பற்றிப் பேசுவதற்கே உரியது. மதுவிலுள்ள எத்தனால் உடலில் அசெட்டால்டிஹைடாக மாறி மரபணுவைச் சிதைக்கிறது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம் ஆகிய இடங்களில் புற்றுநோயை உண்டாக்குகிறது. 1988 முதல் இது முதல் தொகுதியில் இருக்கிறது. எந்த வகை மதுவாயினும் வேறுபாடு இல்லை.

விருந்துக்குப் பின் வரும் தாம்பூலமும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றூக்கி என்று 2004இல் முடிவாயிற்று. பாக்கை மெல்லும் வாயில் சளிச்சவ்வின் அடித்திசு தடித்து இறுகி, வாயைத் திறக்க முடியாத நிலை வருகிறது. அங்கிருந்து புற்றுநோய்க்கு வழி குறுகியது. இந்திய ஆண்களிடம் முதலிடத்தில் இருப்பது வாய்ப்புற்றுநோய். புகையிலையோடு பாக்குக்கும் அதில் பங்கு உண்டு. மங்கலப் பொருள் என்ற மதிப்பு பாக்கைக் கேள்விக்கு அப்பால் வைத்துவிட்டது. அந்த மதிப்பால் பல உயிர்கள் போயிருக்கின்றன.

உண்பவரின் தேர்வுக்கு அறவே அப்பாற்பட்ட ஆபத்தும் ஒன்றுண்டு. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடிந்தன. தீவனத்தில் கலந்திருந்த பிரேசில் நிலக்கடலைப் புண்ணாக்கில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சை வளர்ந்திருந்தது. அது சுரந்த நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயரிட்டனர். கடலை, மக்காச்சோளம், மிளகாய் ஆகியவை ஈரம் முழுதும் போகாமல் சேமிக்கப்படும்போது இது உருவாகிறது. வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாக அழியாது. கல்லீரலில் சென்று, கட்டி வளர்வதைத் தடுக்கும் மரபணுவில் குறிப்பிட்ட ஒரே இடத்தில் மாற்றத்தைப் பதிக்கிறது. ஷாங்காய் நகரில் 18,244 ஆண்களைத் தொடர்ந்த ஆய்வு இந்த நஞ்சின் கூட்டு வலிமையை அளந்தது: அஃப்ளாடாக்சின் மட்டும் இருந்தவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வாய்ப்பு மூன்று மடங்குக்கு மேல், ஹெபடைடிஸ் பி மட்டும் இருந்தவர்களுக்கு ஏழு மடங்கு, இரண்டும் சேர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ அறுபது மடங்கு.

இதற்கான தடுப்பு மருந்துக்கடையில் இல்லை, களத்துமேட்டில் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டில் இருபது கிராமங்களில் ஒரு சோதனை நடந்தது. பத்துக் கிராமங்களில் சொத்தைக் கடலையைப் பொறுக்கி நீக்கி, தரையில் படாமல் பாய்மேல் நன்கு உலர்த்தி, காற்றுப் புகும் சணல் சாக்கில் இட்டு, மரப்பலகைமேல் அடுக்கினர். அறுவடைக்குப் பிந்தைய மாதங்களில் அக்கிராம மக்களின் இரத்தத்தில் நஞ்சின் தடயம் மற்றக் கிராமத்தினரிடம் இருந்ததில் பாதிக்கும் குறைவாக இருந்ததை 2005இல் பதிவு செய்தனர். சீனாவின் சிடோங் வட்டாரத்தில் 1980களில் மக்காச்சோளத்தை விட்டு அரிசிக்கு மாறியதில் மக்கள் உடலில் இந்த நஞ்சின் அளவு அறவே சரிந்தது. ஹெபடைடிஸ் தடுப்பூசியின் பலனை எட்டாத வயதினரிடமும் பிற்காலத்தில் கல்லீரல் புற்றுநோய் மரணம் குறைந்தது.

சேமிப்பு முறை நோயை உண்டாக்கும் என்பதற்குத் தென் சீனாவின் உப்பு மீனும் சான்று. குழந்தைப் பருவத்திலேயே ஊட்டப்படும் அது மூக்குத்தொண்டைப் புற்றுநோய்க்குக் காரணம் என்று உறுதியாகியுள்ளது. உப்பிடுமுன் மீனை மென்மையாக விடும் அந்தச் செய்முறைக்கு மட்டுமே அம்முடிவு பொருந்தும். தமிழகக் கருவாட்டுக்கு அதை அப்படியே நீட்டுவது தவறு.

ஐரோப்பிய ஒன்றியம் நேரடியாக உண்ணும் நிலக்கடலையில் மொத்த அஃப்ளாடாக்சினுக்குக் கிலோவுக்கு 4 மைக்ரோகிராம் என்ற வரம்பை வைத்திருக்கிறது. இந்திய வரம்பு அதைவிடத் தளர்ந்தது. ஏற்றுமதிச் சரக்கு ஆய்வகத்தில் சோதிக்கப்படுகிறது; வாரச்சந்தையில் அளந்து விற்கும் கடலைக்கும் செக்குக்குப் போகும் சுருங்கிய பருப்புக்கும் அத்தகைய சோதனை பெரும்பாலும் இல்லை. உலர்களம், ஈரமானி, காற்றோட்டமுள்ள கிடங்கு, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் கட்டாயச் சோதனை: கடலை விளையும் மாவட்டங்களில் புற்றுநோய்த் தடுப்புக்கென ஒதுக்கப்படும் பணத்தில் ஒரு பங்கு முதலில் இவற்றுக்குச் செல்ல வேண்டும்.