ஒட்டோமற்றிக் வானுக்கு கியர் ஓயில் கூலரை எங்கே பூட்டுவது?

கடந்த வருடம் குடும்பமாக சீதா எலிய கோயிலுக்குப் போனபோது, றம்பொட ஏற்றத்தில் எங்கள் வான் இழுக்க மறுத்துவிட்டது. எஞ்சின் இரைந்தது; வான் நகரவில்லை. கருகிய ஓயில் மணம் வேறு. ஓட்டிய மச்சான் போரில் இடது காலை இழந்தவர். கிளட்ச் மிதிக்கத் தேவையில்லை என்பதால்தான் ஒட்டோமற்றிக் வான் வாங்கினார். சந்தைக்கு மரக்கறி ஏற்றுவதும் அதில்தான். கியர்பொக்ஸ் போனால் வருமானமும் போய்விடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அந்த இடைவெளியில் பழைய வாகனங்களின் விலை ஏறியதை எல்லோரும் அறிவோம். இன்னொன்று வாங்குவது லேசான காரியமல்ல.

ஒட்டோமற்றிக் கியரில் எஞ்சினின் பலத்தைக் கடத்துவது டோர்க் கொன்வேர்ட்டருக்குள் சுழலும் ஓயில். பாரத்துடன் மெதுவாக ஏறும்போது அந்த ஓயில் உள்ளேயே கடையப்பட்டுச் சூடாகிறது. 80 முதல் 90 பாகை செல்சியஸ் வரை பரவாயில்லை. 120ஐத் தாண்டினால் ஓயில் பழுதாகத் தொடங்கும், ரப்பர் சீல்கள் இறுகும், கிளட்ச் தட்டுகள் வழுக்கும். பெரும்பாலான வாகனங்களில் இந்த ஓயில் ரேடியேற்றரின் தொட்டிக்குள் உள்ள சிறு குழாய் வழியாகப் போய்க் குளிர்ந்து திரும்புகிறது. ரேடியேற்றர் தண்ணீரே கொதிநிலையை நெருங்கும்போது அதனால் என்ன குளிர்ச்சி கிடைக்கும்?

அதற்குத்தான் மேலதிகக் கூலர். பந்தயக் கார்களுக்கும் பாரம் இழுக்கும் வாகனங்களுக்கும் பூட்டுகிற அதே சாமான்தான். நல்ல இடம் வாகனத்தின் முகப்பு: கிறில்லுக்குப் பின்னால், ஏசி கண்டென்சருக்கு முன்னால். ஓடும்போது வரும் காற்று முதலில் படுவது அங்கேதான். ஆனால் முகப்பு முழுவதையும் மூடுகிற பெரிய கூலரைப் போட்டால் ரேடியேற்றருக்குக் காற்றுக் குறைந்து எஞ்சின் சூடாகும். கண்டென்சரில் உரசாமல் இடைவெளி விட்டு, தனித் தகட்டில் ரப்பர் வைத்துப் பூட்ட வேண்டும். கண்டென்சரின் செட்டைகளுக்குள்ளால் பிளாஸ்ரிக் கட்டுகளைக் கோர்த்து இறுக்குவது விரைவான வேலைதான். அதிர்வில் அது குழாயை அறுத்துவிடும்.

முகப்பில் இடமில்லாவிட்டால் பம்பருக்குப் பின்னே சில்லுப் பக்கமாக வைக்கலாம். கிளிநொச்சியில் வானைத் திருத்திய கராஜ்காரர் இதில் ஒன்றை அழுத்திச் சொன்னார்: "தங்கச்சி, காத்து உள்ளுக்கு வந்தா மட்டும் காணாது. வெளியில போகவும் வழி வேணும்." மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய காலத்தில் தொழில் பழகியவர் அவர். வாகனத்தின் அடியில் பூட்டுவதென்றால் மின்விசிறியும் கல் தடுக்கும் வலையும் அவசியம். எங்கள் கிரவல் ஒழுங்கைகளில் வலை இல்லாமல் அது அதிக நாள் தாங்காது. சைலன்சர் குழாய்க்கு அருகில் வைக்கவே கூடாது.

இணைப்பும் முக்கியம். கியர்பொக்ஸிலிருந்து வரும் ஓயில் முதலில் ரேடியேற்றருக்குப் போய், பிறகு கூலருக்குப் போய், அங்கிருந்து திரும்ப வேண்டும். நுவரெலியாக் குளிரில் காலையில் ஓயில் சூடேறவும் இந்த ஒழுங்கு உதவும். ரேடியேற்றர் உள்ளே கசிந்து தண்ணீரும் ஓயிலும் பால்போலக் கலந்திருந்தால் கூலர் பூட்டிப் பயனில்லை; முதலில் ரேடியேற்றரை மாற்ற வேண்டும். கூலரின் வாய்கள் மேற்பக்கம் இருந்தால் காற்று தேங்காது. தண்ணீர் ஹோஸைப் போட்டுச் சமாளிக்கக் கூடாது, கியர் ஓயிலுக்கான ஹோஸ்தான் வேண்டும். கூலரும் ஹோஸும் கொஞ்சம் ஓயிலைப் பிடிக்கும் என்பதால், எஞ்சினை ஓடவிட்டு, அந்த வாகனத்துக்குச் சொல்லப்பட்ட முறையில் மட்டம் பார்த்து நிரப்ப வேண்டும்.

மச்சானின் வானில் ஓயிலையும் பில்டரையும் மாற்றி, கூலரை முகப்பில் இடது பக்கமாகப் பூட்டினோம். வழுக்கிய கிளட்ச் தட்டுகளைக் கூலர் திருத்தாது என்று கராஜ்காரர் முதலே சொல்லிவிட்டார். நல்லகாலம், தட்டுகள் தப்பியிருந்தன. இப்போது ஏற்றத்தில் மச்சான் 'டி'யில் விடாமல் 'எல்'லில் போட்டே ஏறுகிறார்.