நாய், பூனைக்கு பல் சிகிச்சை.. மயக்க மருந்து ஆபத்தா? டாக்டரிடம் என்ன கேட்கணும்?

பல் டாக்டர் 'ஆ காட்டுங்க' என்றால் நாம் வாயைத் திறந்துவிடுவோம். நாயும் பூனையும் காட்டுமா? அதனால்தான் அவற்றுக்கு முழு மயக்கம் கொடுத்து பல் சிகிச்சை செய்கிறார்கள். ஆனால், 'மயக்கத்துல இருந்து எழுந்திருக்கலைன்னா?' என்ற பயத்தில் சிகிச்சையையே தள்ளிப்போடுபவர்கள் உண்டு.

மயக்கம் இல்லாமல் முடியாதா?

வெளியே தெரியும் காரையைச் சுரண்டலாம். ஆனால் நோய் இருப்பது ஈறுக்கு அடியில். அங்கே சுத்தம் செய்யவும், எக்ஸ்ரே எடுக்கவும் அசையாமல் இருக்க வேண்டும். சுத்தம் செய்யும் கருவி தண்ணீரைப் பீய்ச்சும். அது நுரையீரலுக்குள் போகாமல் தடுப்பது மூச்சுக்குழாயில் பொருத்தும் டியூப்தான்.

ஆபத்து எவ்வளவு?

பிரிட்டனில் சுமார் 98,000 நாய்கள், 79,000 பூனைகளிடம் நடந்த பெரிய ஆய்வு 2008ல் வெளியானது. பல் சிகிச்சை மட்டுமல்ல, எல்லா சிகிச்சைகளும் அதில் அடக்கம். ஆரோக்கியமான நாய்களில் சுமார் 2,000ல் 1, பூனைகளில் சுமார் 900ல் 1 மயக்கம் தொடர்பாக இறந்தன. ஏற்கெனவே நோய் இருந்தவற்றில் இது 100ல் 1-க்கும் அதிகம்.

கவனிக்க வேண்டியது இதுதான்: இறந்த பூனைகளில் சுமார் 60 சதவீதம், நாய்களில் கிட்டத்தட்ட பாதி, சிகிச்சை முடிந்த பிறகே இறந்தன. அதிலும் முதல் 3 மணி நேரம் மிக முக்கியம்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

* ரத்தப் பரிசோதனை, இதயப் பரிசோதனை முன்கூட்டியே செய்வீர்களா?
* எத்தனை மணி நேரம் சாப்பாடு கொடுக்கக்கூடாது? குட்டிகளுக்கும் சர்க்கரை நோய் உள்ளவற்றுக்கும் இது மாறும். நீங்களாக ராத்திரி முழுக்க பட்டினி போடாதீங்க.
* மயக்கத்தைக் கவனிக்க தனியாக ஒருவர் இருப்பாரா? பல்லைப் பார்ப்பவரே இதயத்துடிப்பு, ஆக்சிஜன், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் பார்க்க முடியாது.
* உடல் சூடு குறையாமல் இருக்க என்ன ஏற்பாடு? வாயில் தண்ணீர் பட்டுக்கொண்டே இருப்பதால் சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும்.
* நன்றாக விழிக்கும் வரை யார் பக்கத்தில் இருப்பார்கள்?

பக், புல்டாக், பெர்சியன் பூனை போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு மூச்சுவிடுவதே சிரமம். டியூப்பை எடுத்த பிறகும் அவற்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு?

தள்ளாட்டம் நிற்கும் வரை மாடிப்படி, கட்டில் பக்கம் விடாதீங்க. வலிக்கிறதே என்று நாம் போடும் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. பூனைக்கு அது விஷம். மூச்சுத் திணறல், ஈறு வெளுத்துப்போவது, கூப்பிட்டும் எழாமல் கிடப்பது என எது தெரிந்தாலும் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் தூக்கிட்டுப் போங்க.