புறம்போக்கும் பொருட்கணக்கும்

சேலத்து ஃபேர்லேண்ட்ஸில் மனையின் விலை சதுர அடிக் கணக்கில் பேசப்படும். அதற்கு வடக்கே கன்னங்குறிச்சியில், சேர்வராயன் மலையினின்று இறங்கும் நீரை ஏந்திக் கிடக்கிறது மூக்கனேரி. மனைக்கு விலையுண்டு, சுற்றுப்புறக் கிணறுகளில் நீர் ஊறச் செய்யும் ஏரிக்கு விலை என்ன? பொருளியலாளர் இன்று எழுப்பும் இவ்வினாவுக்குச் சேலத்து மண்ணிலேயே ஒரு முன்கதை உண்டு. அதனை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. அவற்றை நிர்வகிக்க வந்தவர் அலெக்சாண்டர் ரீடு. அவருடைய உதவியாளருள் ஒருவர், பின்னாளில் சென்னை மாகாண ஆளுநரான தாமஸ் மன்றோ. வயல் வயலாக அளந்து, உழவரிடமே நேரடியாகத் தீர்வை பெறும் ரயத்துவாரி முறை இங்குதான் உருப்பெற்றுப் பிற மாவட்டங்களுக்கும் பரவியது.

அம்முறை வளர்த்தெடுத்த கணக்கில் ஒரு விந்தையைக் காண்கிறோம். நஞ்சைக்குப் புஞ்சையைவிடத் தீர்வை மிகுதி. அம்மிகுதி ஏரிநீரின் கொடையே. ஆயினும் அது வயலின் பெயரிலேயே பதிவாயிற்று. நீர் தந்த ஏரியோ வரி தராத 'புறம்போக்கு'. தனியார் உடைமையாகாமல் ஏரியைக் காத்ததும் அச்சொல்லே. ஆனால் நாளடைவில் 'வரி தராதது' என்பது 'பயன் தராதது' என்று திரிந்தது. இன்று அது வசைச்சொல்லாகவும் வழங்குகிறது.

விடுபட்ட அப்பக்கத்தை நிரப்பும் முயற்சிகள் பிற்காலத்தில் எழுந்தன. ராபர்ட் கான்ஸ்டன்சா முதலிய ஆய்வாளர்கள், இயற்கை உலகுக்கு ஆற்றும் பணிகளின் மதிப்பு ஆண்டுக்குச் சராசரியாக 33 லட்சம் கோடி டாலர் என 1997இல் மதிப்பிட்டனர். நம் நாட்டிலோ, நீலகிரியின் கூடலூர்க் காடுகள் அழிவது கண்டு டி. என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் தொடுத்த வழக்கு பெருந்திருப்பமாயிற்று. காட்டைப் பிற பணிகளுக்கு எடுப்போர் அதன் 'நிகர இன்றைய மதிப்பை'ச் செலுத்த வேண்டும் என 2002இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. காஞ்சன் சோப்ரா குழுவின் ஆய்வுக்குப் பின், 2008இல் ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் ரூபாய் வரை தொகை வகுக்கப்பட்டது. 2022இல் அது உயர்த்தப்பட்டது.

2008ஆம் ஆண்டின் உச்சத் தொகையை ஃபேர்லேண்ட்ஸ் மொழியில் பெயர்த்துப் பார்த்தோம். ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ 1,07,600 சதுர அடி. ஆக, அடர்ந்த காட்டுக்குச் சதுர அடிக்குப் பத்து ரூபாயும் தேறவில்லை! மதிப்பே இல்லாதிருந்ததற்கு ஒரு மதிப்பு கிடைத்தது நன்றே. எனினும், அழிக்கும் நாளில் மட்டும் கேட்கப்படும் மதிப்பு நுழைவுக் கட்டணமாகிவிடும் அன்றோ?

வேண்டுவது விலைச்சீட்டு அன்று, ஆண்டுக்கணக்கு. ஏரி தூர்ந்து, மக்கள் லாரித் தண்ணீர் வாங்கினால், அவ்விற்பனை நாட்டு வருமானத்தில் வரவாகச் சேரும்; ஏரியின் இழப்பு எங்கும் பற்றாகாது. இக்குறையைக் களையவே பார்த்தா தாஸ்குப்தா தலைமையிலான குழு 2013இல் இந்தியாவுக்குப் பசுமைக் கணக்கு முறையொன்றைப் பரிந்துரைத்தது. சூழல் மண்டலங்களின் பரப்பையும் நிலையையும் பணிகளையும் பதிவு செய்யும் கணக்கு முறையை ஐக்கிய நாடுகளின் புள்ளியியல் ஆணையம் 2021இல் ஏற்றது.

மூக்கனேரி அதுவரை காத்திருக்கவில்லை. 2010இல் சேலம் மக்கள் குழுவினர் அங்கே தூர்வாரி, அம்மண்ணையே திட்டுகளாக்கி மரம் நட்டனர், பறவைகள் வந்தடைந்தன. அவ்வுழைப்பும் எந்த வரவேட்டிலும் ஏறவில்லை. ரீடு காலத்து அளவை தொடங்கி இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. வயலுக்கென எழுதிய வரியில் ஏரிக்குரிய பங்கைப் பிரித்தெழுத இனியேனும் கற்போமா என்பதே நம் வினா.