கடைசற் பட்டறையில் கயிறு பிடித்தவன்

ஆடித்தபசுத் திருவிழா நாள்களில் நம் சங்கரன்கோவில் வீதிகளில் விரிக்கப்படும் கடைகளில், சிறுவர் கண்களை முதலில் இழுப்பவை பம்பரங்களும் மரச்சொப்புகளுமாகவே நெடுங்காலம் இருந்தன. பிளாஸ்டிக் பொருள்கள் இன்று அவ்விடத்தைப் பெரும்பாலும் கவர்ந்துகொண்டன. எனினும் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாய் மினுங்கும் ஒரு சிறு மர உரலையோ, ஒரு பம்பரத்தையோ கையில் எடுத்துப் பார்த்த எவரும் ஒன்றைக் கவனித்திருப்பர். அதன் வட்டத்தில் கோணல் இல்லை. வண்ணக் கோடுகள் தொடங்கிய இடமும் முடிந்த இடமும் தெரிவதில்லை. கையால் செதுக்கிய பொருளுக்கு இந்தச் சீர்மை வாய்ப்பதரிது. சுழலும் மரத்தில் உளியை வைத்துக் கடைந்ததனால் வந்த சீர்மை இது. நம் கோயிலைக் கட்டியவன் உக்கிரபாண்டியன் என்று தலவரலாறு பெயர் சொல்கிறது. பம்பரத்தைக் கடைந்தவனின் பெயரைச் சொல்ல எந்த வரலாறும் இல்லை. அவனுக்கு எதிரே அமர்ந்து மரத்தைச் சுழற்றிய இன்னொருவனைப் பற்றியோ நாம் கேட்டதுகூட இல்லை. அந்த இரண்டாமவனைப் பற்றியதே இக்கட்டுரை.

‘கடைதல்’ என்ற நம் சொல்லே இத்தொழிலின் பழமையைக் காட்டும். மோர் கடைவதற்கும் மரம் கடைவதற்கும் தமிழில் ஒரே சொல்தான். நம் வீடுகளில் மத்தில் கயிற்றைச் சுற்றி இரு முனைகளையும் மாறி மாறி இழுத்தால் மத்து முன்னும் பின்னுமாய்ச் சுழலும். மத்தைப் படுக்க வைத்து, அதன் இரு நுனிகளையும் இரண்டு ஆணி முனைகளுக்கிடையே நிறுத்தி, கயிற்றை அவ்வாறே இழுத்தால் அதுவே கடைசற் பொறி! பெண்கள் அடுக்களையில் அன்றாடம் கண்ட இயக்கத்தைத்தான் தச்சர்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தனரோ, அன்றி மத்துதான் பட்டறையிலிருந்து அடுக்களைக்கு வந்ததோ, யாரறிவார்? ‘கடைந்தெடுத்த சோம்பேறி’ என்று ஒருவரை ஏசும்போதும் பட்டறையின் மொழியையே பேசுகிறோம் என்பதை மட்டும் நினைவிற் கொள்வோம்.

நமக்குத் தெற்கே, தாமிரபரணிக் கரையிலுள்ள அம்பாசமுத்திரம் கடைசற் பொருளுக்குப் பேர்பெற்ற ஊர். அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் என்றால் தென்பாண்டி நாட்டில் அறியாதார் இலர். உரல், உலக்கை, ஆட்டுக்கல், குடம், அடுப்பு, சட்டி என ஒரு குடித்தனத்துக்கு வேண்டிய அனைத்தும் விரலளவில் அமைந்து, பனையோலைப் பெட்டியில் அடங்கி வரும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மஞ்சட்கடம்பு இதற்கு உகந்த மரமாக இருந்தது. இழை நெருக்கமானது; உளிக்கு இணங்குவது; வெடிக்காதது. காட்டு மரம் கிடைப்பது அரிதான பின் வேறு மரங்களை நாடவேண்டியதாயிற்று. கன்னட நாட்டுச் சன்னபட்டணத்திலும் ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாக்காவிலும் இதே தொழில் வெட்பாலை மரத்தைக் கொண்டு நடைபெறுகிறது. சன்னபட்டணத்தார் அரக்கு ஏற்றும் முறை காணத்தக்கது. வண்ணம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்துவர். உராய்வின் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் படியும். பின்பு தாழை மடலால் அழுத்தி மெருகேற்றுவர். தூரிகையும் இல்லை, அடுப்பும் இல்லை. சுழற்சி ஒன்றே தீயாகவும் தூரிகையாகவும் நிற்கிறது.

அந்தச் சுழற்சியைத் தந்தவன் யார் என்பதே நம் வினா.

மின்சாரம் வருவதற்குமுன் நம் நாட்டில் வழங்கிய பொறியை, இலண்டனில் கடைசற் பொறிகள் செய்து விற்ற ஹோல்ட்சாப்ஃபெல் குடும்பத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளியிட்ட நூல் வரிசையில் விவரித்துள்ளனர். இந்தியக் கடைசற்காரர் தம் பொறியைத் தோளில் சுமந்து வருவார். வேலை கொடுப்பவரின் வாயிலிலேயே அதை நிறுவுவார். தரையில் இரண்டு குழிகளைத் தோண்டி இரண்டு கட்டைகளை நட்டு, கல்லும் மண்ணும் இட்டு இறுக்குவார். தரையிலிருந்து ஏறத்தாழ எட்டு அங்குல உயரத்தில் இரு கட்டைகளிலும் இரும்பு முனைகள் எதிரெதிராக அறையப்படும். அவற்றுக்கிடையே மரத்துண்டு நிற்கும். உளியைத் தாங்க ஒரு குறுக்குக் கழியைக் கயிற்றால் கட்டிக்கொள்வார். தரையில் அமர்ந்து, கால் விரல்களால் கழியைப் பற்றிக்கொண்டு, இரு கைகளாலும் உளியைப் பிடிப்பார். எதிரே ஒரு சிறுவன் அமர்ந்திருப்பான். மரத்தில் சுற்றிய கயிற்றின் இரு முனைகளும் அவன் கைகளில் இருக்கும். அவன் மாறி மாறி இழுக்க, மரம் முன்னும் பின்னுமாய்ச் சுழலும். மரம் தம்மை நோக்கிச் சுழலும்போது மட்டுமே கடைசற்காரர் உளியை ஊன்றுவார். எதிர்ப்பக்கம் சுழலும்போது உளியைச் சற்றே விலக்கிக்கொள்வார்.

வெள்ளையர் வியந்தது பொறியின் எளிமையையும் கடைசற்காரரின் கால் விரல் திறனையும். நம் கண்ணோ அந்தச் சிறுவன்மேல் விழுகிறது. அவன் இழுக்கும் இழுப்புகளில் ஒரு பாதி மரத்தைச் செதுக்கப் பயன்படுகிறது. மறுபாதி மரத்தைப் பழைய நிலைக்குத் திருப்புவதோடு சரி. அவன் உடலுக்கு இரண்டும் ஒரே உழைப்பு. காலை முதல் மாலை வரை அவன் கண்முன்னே உளி வேலை நடக்கிறது, ஆயினும் உளி அவன் கைக்கு வருவதில்லை. கடைசற்காரரின் மகனாகப் பிறந்தவனுக்கு அது ஒரு நாள் வரும். கூலிக்கு வந்தவனுக்கு வராது. பாற்கடலைக் கடைந்த கதையிலும் கயிற்றின் இரு முனைகளை இரு கூட்டத்தார் பிடித்தனர். அமுதம் வந்தபோது ஒரு கூட்டத்தார்க்கே அது பரிமாறப்பட்டது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கொடுமையென்று கூறுதல் நேர்மையாகாது. கடைசற் பொறியைக் காட்டும் மிகப் பழைய சித்திரம், எகிப்து நாட்டில் பெட்டோசிரிசு என்பவரின் கல்லறைச் சுவரில் உள்ளது. கி.மு. 300ஐ ஒட்டியது. அதிலும் இருவரே உள்ளனர்: ஒருவர் வாரை இழுக்கிறார், மற்றவர் உளியைப் பிடிக்கிறார். அந்தக் கல்லறை வழங்கப்படுவதோ பூசகரான பெட்டோசிரிசின் பெயரால்.

ஐரோப்பியர் இதற்கு ஒரு மாற்றைக் கண்டனர். பதின்மூன்றாம் நூற்றாண்டு ஓவியங்களிலேயே அது காணப்படுகிறது. பொறிக்கு மேலே வளையக்கூடிய நீண்ட கழி ஒன்று. அதன் நுனியில் கட்டிய கயிறு, மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே மிதிகட்டைக்கு வரும். காலால் மிதித்தால் மரம் கடைபவரை நோக்கிச் சுழலும். காலை எடுத்தால் கழி நிமிர்ந்து கயிற்றை மேலே இழுத்துக்கொள்ளும். இழுப்பவன் செய்த வேலையின் ஒரு பாதியைக் கடைபவரின் காலும், மறுபாதியை ஒரு கழியும் ஏற்றுக்கொண்டன. இங்கிலாந்தின் சில்டன் குன்றுக் காடுகளில் நாற்காலிக் கால்கள் கடைந்தவர்கள் இருபதாம் நூற்றாண்டிலும் இப்பொறியையே பயன்படுத்தினர். மிதிகட்டையோடு கனத்த சக்கரத்தையும் மடக்கு அச்சையும் இணைத்து, மரம் ஒரே திசையில் ஓயாது சுழலும் பொறியை லியனார்டோ டாவின்சி பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் வரைந்து வைத்தார். ஆனால் பெரிய வேலைகளுக்கு அங்கும் ஆளுயரச் சக்கரத்தை ஓர் ஏவலாள் கையால் சுழற்றவே செய்தான். ஏழையின் தோள் எந்நாட்டிலும் மலிவே.

நம்மிடம் மிதிகட்டை ஏன் பரவவில்லை? தரையில் அமர்ந்து வேலை செய்யும் வழக்கம் ஒரு காரணமாகலாம். நம் கருத்தில் அதனினும் பெரிய காரணம், கயிறு இழுக்கக் கேட்ட மாத்திரத்தில் ஒரு சிறுவன் கிடைத்ததே. கூலி மலிந்த இடத்தில் பொறிக்குத் தேவை பிறப்பதில்லை. சாதி என்பது வேலைப் பங்கீடு மட்டுமன்று, வேலை செய்வோரையே அடுக்கடுக்காகப் பிரித்து வைப்பது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ நூலில் விளக்கினார். ஒரே பட்டறையில், இரண்டு முழ இடைவெளியில், எதிரெதிரே அமர்ந்த இருவரில் ஒருவர் தொழிலாளியாகவும் மற்றவர் வெறுங்கையாகவும் ஆனதற்கு இதைவிட நல்ல விளக்கம் உண்டோ?

உளி கைமாறினால் என்ன நிகழும் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1771இல் இங்கிலாந்தில் பிறந்த ஹென்றி மாட்சுலே, தம் பன்னிரண்டாம் வயதில் உல்விச் படைக்கலச் சாலையில் தோட்டாக்களுக்கு மருந்து நிரப்பும் சிறுவராகச் சேர்ந்தார். கயிறு இழுப்பதைப் போன்றே திறமை கேளாத, ஆபத்து மட்டும் மிகுந்த வேலை அது. பின்னர் அவரைத் தச்சுப் பட்டறைக்கும் அடுத்துக் கொல்லுப் பட்டறைக்கும் மாற்றினர். அச்சிறுவரே 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில், திருகுகளைப் பிழையின்றிக் கடையும் இரும்புக் கடைசற் பொறியைச் செம்மையாக்கியவர். உளியைக் கையால் பிடிக்காமல் பொறியின் மேலேயே இறுக்கி, அளவோடு நகர்த்தும் முறையை நிலைபெறச் செய்தவர்களுள் அவர் தலையாயவர். இன்று ‘லேத்து’ என்று நாம் வழங்கும் பொறிகள் அனைத்தும் அந்த வழியில் வந்தவை. மருந்து நிரப்பும் மேசையிலேயே அவரை வைத்திருந்தால் உலகம் இழந்திருக்கக்கூடியதை எண்ணிப் பார்க்கலாம். நம் நாட்டில் கயிற்றின் முன்னேயே வைக்கப்பட்டவர்களுள் எத்தனை மாட்சுலேக்கள் இருந்தனர் என்பதை எண்ண வழியில்லை.

பாபநாசம் நீர்மின் நிலையம் 1944இல் இயங்கத் தொடங்கியது. அம்பாசமுத்திரத்துக்கு அண்மையிலேயே மின்னாற்றல் பிறந்தது. காலப்போக்கில் பட்டறைகளில் மின்மோட்டார்கள் அமர்ந்தன. கயிறும் கயிறு இழுப்பவனும் மறைந்தனர். அவனை விடுவித்தது முதலில் சட்டமன்று, மோட்டாரே. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல்தான் வந்தது. 2016இல் அதைத் திருத்திப் பதினான்கு வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்றனர். அதே மூச்சில், பள்ளி நேரம் போக எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு விலக்கும் அளித்தனர். குடும்பத் தொழில் என்ற சொல் நம்மவர்க்கு எதைக் குறித்து வந்தது என்பதை அறிந்தவர்கள் இவ்விலக்கைக் கண்டு அஞ்சாதிருக்க முடியாது. தந்தையின் தொழிலில் மகன் கயிறு பிடிக்கலாம் என்பதுதானே பழைய ஏற்பாடு!

எதிர்த்திசையில் திறந்த கதவும் ஒன்றுண்டு. 1950இல் நடுவணரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் எழுந்த தொழிற்பயிற்சி நிலையங்களில் ‘டர்னர்’ என்றொரு பிரிவு உண்டு. ஈராண்டுப் பயிற்சி. டர்னர் என்றால் கடைசற்காரர் என்றே பொருள். நம் பிள்ளைகள் பிறப்பால் பெற இயலாத உளியை இடஒதுக்கீட்டின் வழியே, தேர்வெழுதி, சான்றிதழோடு பெற்றனர். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் ஆலைகளிலும் அவர்களுக்கு இடமளிக்கச் செய்தது. பட்டறை ஒன்றில், சான்றிதழைக் காட்டிய நம் இளைஞர் ஒருவரிடம் முதல் ஆறு மாதமும் துடைப்பத்தையே கொடுத்தனர் என்பதையும் இங்கே குறித்தல் வேண்டும். பின்பு பொறியில் நின்றவர் அவர். ஓய்வு பெறும்வரை நின்றார்.

நம் சங்கத்தின் மாலை வகுப்புப் பிள்ளைகள் இவ்விழாவையொட்டி மிதிகட்டைப் பொறி ஒன்றை அமைத்தனர். இதில் பெருஞ்செலவில்லை. கனமான வேப்பஞ்சட்டங்கள் இரண்டைக் கட்டிலைப் போன்ற ஒரு நிலையில் பொருத்தினர். ஒன்று அசையாதது, மற்றது மரத்தின் நீளத்துக்கேற்ப நகர்ந்து, ஆப்பால் இறுகுவது. இரண்டிலும் கூர் தீட்டிய இரும்பு முனைகள். மேலே கூரை விட்டத்தில் பச்சை மூங்கிற்கழி, கீழே பலகை மிதிகட்டை, இடையே கயிறு. முனைகள் ஊன்றும் குழிகளில் விளக்கெண்ணெய் இடாவிட்டால் மரம் கிறீச்சிட்டுப் புகையும் என்பதை முதல் நாளே கண்டுகொண்டனர். உலர்ந்த மரத்தினும் வெட்டிய ஈரம் மாறாத மரமே இப்பொறிக்கு எளிது என்பதையும், உளியின் அடிப்புறம் மரத்தைத் தொட்ட பின்பே கூரை மெல்ல இறக்கவேண்டும், கூரை முதலில் வைத்தால் உளி கையைவிட்டுத் தெறிக்கும் என்பதையும் ஓய்வுபெற்ற அந்த டர்னரே பக்கத்தில் நின்று கற்பித்தார். மூங்கிலுக்குப் பதிலாகப் பழைய தையல் இயந்திரத்தின் மிதிகட்டையையும் சக்கரத்தையும் இணைத்தால் மரம் ஒரே திசையில் ஓடும், வேலை இரட்டிக்கும். அடுத்து அதைச் செய்வதென்று பிள்ளைகள் முடிவு செய்துள்ளனர்.

முதலில் கடைந்த பம்பரம் சாட்டையிலிருந்து விடுபட்டதும் தள்ளாடிச் சாய்ந்தது. மூன்றாவது நின்று சுழன்றது. அதைக் கடைந்தவள் ஏழாம் வகுப்பு மாணவி. அவளுடைய தம்பி எதிரே நின்று, தான் எதைப் பிடிக்கவேண்டும் என்று கேட்டான். அவன் முறை வரும்போது உளியைப் பிடிக்கலாம் என்றோம்.