மலாவி தொடக்கப் பள்ளிகளில் தன்னார்வப் பணி: செல்லும் முன் அறிய வேண்டியவை

தென்கிழக்கு ஆப்பிரிக்க நாடான மலாவி, 1994இல் தொடக்கக் கல்விக் கட்டணத்தை நீக்கியது. சுமார் 19 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை விரைவிலேயே ஏறத்தாழ 30 லட்சமானது. அதற்கு ஈடாக ஆசிரியர்களும் வகுப்பறைகளும் பெருகவில்லை. நெரிசலான வகுப்பு, மரத்தடிப் பாடம், பலர் பகிர்ந்துகொள்ளும் ஒரே பாடநூல் என்பதே பல கிராமப் பள்ளிகளின் நிலை.

இத்தகைய பள்ளிக்குத் தன்னார்வலராகச் செல்லும் நாம் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். நாம் சில வாரங்களில் திரும்பிவிடுவோம். ஆசிரியர் அங்கேயே இருப்பார். எனவே அவருடைய இடத்தை நாம் எடுத்துக்கொள்ளாமல், அவருக்குத் துணையாக இருப்பதே நல்லது. சிறு பிள்ளைகள் பலருக்குத் தெரிந்த மொழி சிச்சேவா. அது அறியாத நாம் தனியே பாடம் நடத்தினால் அவர்களுக்குப் புரியாது. ஆசிரியர் சொல்லும் பிள்ளைகளுக்கு ஆங்கில வாசிப்புப் பயிற்சி தரலாம். எழுத்து அட்டைகள் செய்து கொடுக்கலாம்.

என்ன தேவை என்பதைத் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டறிவோம். நோட்டு, பென்சில்களை அங்குள்ள கடைகளிலேயே வாங்குவோம். தன்னார்வப் பணிக்கு உரிய அனுமதியைப் பெற்றே செல்வோம். பிள்ளைகளின் வறுமையைப் படம் பிடித்துப் பரப்ப வேண்டாம். நாம் திரும்பிய பின்னும் ஆசிரியரால் தொடர முடிகிற பணியே அப்பள்ளிக்கு உதவும்.