பரணில் இருந்த வால்வு ரேடியோ

தென்பெண்ணைக் கரையில் இருக்கும் மூங்கில்துறைப்பட்டில், எங்கள் தாத்தா வீட்டுப் பரணில் ஒரு பழைய வால்வு ரேடியோ இருக்கிறது. தாத்தாவின் அப்பா வாங்கியது. விடுமுறைக்குப் போனபோது அதை இறக்கித் துடைத்தேன். ஒரு குமிழைக் காணோம், வெறும் இரும்புத் தண்டு நீட்டிக்கொண்டிருந்தது. பிளக்கைச் சொருகப் போனதும், "கையை எடுடா!" என்று தாத்தா அதட்டினார். ஏன் என்று தேடியபோது கிடைத்த செய்திகள்தான் இந்தக் கட்டுரை.

நம் மாநிலத்தில் வானொலியைத் தொடங்கியது அரசு அல்ல. சி.வி.கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியில் 1924-ல் சென்னையில் மதராஸ் பிரெசிடென்சி ரேடியோ கிளப் உருவானது. அவ்வாண்டு ஜூலை 31-ல் ஒலிபரப்பும் ஆரம்பித்தது. பணமுடையால் 1927-ல் அது நின்றுபோக, 1930-ல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பைத் தொடர்ந்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-லும், திருச்சி நிலையம் 1939-லும் வந்தன. அந்தக் காலத்தில் வீட்டில் ரேடியோ வைத்திருக்க அஞ்சலகத்தில் பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும்! 1980-களில்தான் அது ஒழிந்தது.

இனி ரேடியோவின் உள்ளே பார்ப்போம். 1904-ல் ஃபிளெமிங் வால்வைக் கண்டுபிடித்தார். 1906-ல் டி ஃபாரஸ்ட் அதில் மூன்றாவது மின்முனையைச் சேர்த்தார். அதனால்தான் மெல்லிய சிக்னலைப் பெருக்க முடிந்தது. வால்வுக்குள் இருக்கும் இழை சூடானால்தான் எலக்ட்ரான்கள் வெளிவரும். ஆகவே சுவிட்சைப் போட்டுச் சிறிது நேரம் கழித்தே பாட்டு கேட்கும்.

இந்தச் சூட்டைத் தாங்கும் பெட்டி வேண்டுமே? 1907-ல் பேக்லாண்ட் உருவாக்கிய பேக்கலைட் அதற்குப் பொருத்தமாக அமைந்தது. ஃபீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்த இந்தப் பிளாஸ்டிக், ஒருமுறை இறுகிவிட்டால் மறுபடி சூட்டில் இளகாது. மின்சாரத்தையும் கடத்தாது.

இந்த இரண்டாவது குணம்தான் முக்கியம். அன்று சில நகரங்களில் ஏசி, சிலவற்றில் டிசி மின்சாரம் இருந்தது. இரண்டிலும் ஓட வேண்டும், விலையும் குறைய வேண்டும் என்பதற்காக டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏசி/டிசி செட்டுகள் வந்தன. அவற்றில் வால்வுகளின் இழைகளைச் சீரியல் பல்பு போலத் தொடராக இணைத்தார்கள். உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம் மின்கம்பி ஒன்றோடு நேராகவே இணைந்திருக்கும். இரண்டு முனைப் பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சட்டம் முழுவதும் 230 வோல்ட்! மின்சாரத்துக்கும் நம் விரலுக்கும் நடுவே இருப்பது பேக்கலைட் பெட்டியும் குமிழும் மட்டுமே.

தாத்தாவின் செட்டும் அந்த வகைதான் என்று எங்கள் ஊர் மெக்கானிக் திறந்து பார்த்துச் சொன்னார். குமிழ் இல்லாத அந்தத் தண்டைத் தொட்டிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருப்பேனா என்று தெரியவில்லை.

1947-ல் கண்டுபிடிக்கப்பட்ட டிரான்சிஸ்டர், சில பேட்டரிக் கட்டைகளிலேயே ரேடியோவைப் பாட வைத்தது. வால்வு செட்டுகள் பரணுக்குப் போயின. உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆனால் விவரம் தெரிந்தவரிடம் காட்டாமல் பிளக்கை மட்டும் சொருகாதீர்கள் நண்பர்களே!